தென்னந்தோப்புக் காய்ச்சல்

அக்டோபர் 7, சனி

மூன்று மணிக்கு முதல் வகுப்பு. களப்பணியாளர்களுக்கான நோய்ப்பரவல் ஆய்வுப் பயிற்சி என்று பெயர். எட்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், எல்லாமே போன் திரையில். வாரநாட்களில் பார்ப்பதற்குச் சின்னச் சின்ன வீடியோக்கள் தனி. நடத்துகிறவர் டாக்டர் ரெஹானா. நாற்பது பேர் சேர்ந்திருக்கிறோம்: செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள். முகங்களைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

ஊசிக்கல்பட்டி துணை சுகாதார நிலையத்தில் பின்சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலேயே வந்து சுவரில் ஆணி அடித்து, போன் சாய்ந்து நிற்க ஒரு கம்பியை வளைத்து மாட்டிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. நன்றி சொன்னதற்கு, ஆணி ஏற்கெனவே பையில் இருந்தது என்றார்.

எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதச் சொன்னார்கள். ஏதோ எழுதினேன், அழித்தேன். கடைசியில் ‘பதவி உயர்வுக்கு உதவும்’ என்று போட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

சீருடை துவைத்தேன். புளிக்குழம்பு. ஒரு வீடியோ பார்த்தேன், பாதிக்கு மேல் புரியவில்லை.

அக்டோபர் 14, சனி

வாரத் தேர்வில் இருபதுக்கு ஒன்பது. கேள்வி முழுக்க ஆங்கிலம். இருபத்தாறு வருஷமாக ஊசி போடுகிறேன், பிரசவம் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம் ஆங்கிலத்தைப் படித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. விலகிவிடலாமா என்று தோன்றியது.

வகுப்பு முடிந்ததும் கூடலூர்ப் பக்கத்துச் சுகாதார ஆய்வாளர் லாரன்ஸ் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். அந்த வாரப் பாடம் மொத்தத்தையும் தமிழில் நான்கு பக்கம் தட்டியிருந்தார். நமக்குள் யாருக்காவது உதவும் என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும்.

டாக்டர் ரெஹானா தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினார். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் எழுதிய ஒரு பதிலை மட்டும் எடுத்துச் சொன்னார். வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் முதலில் என்ன பார்ப்பீர்கள் என்ற கேள்விக்கு, குடத்தில் தண்ணீர் மொள்ளும் செம்பைப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தேன். அதைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்றார். இரண்டு முறை கேட்டேன். வீட்டுக்காரர் மூன்றாவது முறை போடச் சொன்னார்.

அக்டோபர் 18, புதன்

தடுப்பூசி நாள். பதினான்கு குழந்தைகள். ஒன்று என் கையைக் கடித்துவிட்டது.

அக்டோபர் 21, சனி

இன்றைய பாடம் எனக்குப் புரிந்த பாடம். லைன் லிஸ்ட். ஒரே மாதிரி நோய் வந்தவர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுவது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் எங்கே போனார், என்ன வேலை செய்தார். பதிவேட்டில் தனித்தனிப் பக்கத்தில் கிடக்கும்போது தெரியாதது, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் தெரியும் என்றார் டாக்டர் ரெஹானா. வீட்டுப்பாடம்: உங்கள் ஊரில் கடந்த மூன்று வாரத்துக் காய்ச்சல்காரர்களை இப்படி எழுதி வாருங்கள்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. தடுப்பூசிப் பெட்டி, எடை மெஷின், ரத்த அழுத்தக் கருவி எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தேன். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் போனுக்கும் சந்தனம் வைத்திருக்கிறார். கேமரா மேலேயே வைத்துவிட்டார். துடைத்தெடுக்க அரை மணி நேரம்.

அக்டோபர் 26, வியாழன்

வீட்டுப்பாடத்துக்காகப் பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று வாரத்தில் பதினோரு காய்ச்சல். எல்லாவற்றுக்கும் நேராக என் கையெழுத்தில் ‘சாதாரணக் காய்ச்சல், பாராசிட்டமால்’. எங்கே போனார் என்ற கட்டம் மட்டும் காலி. நான் யாரிடமும் கேட்டதே இல்லை. இரண்டு நாளாக வீடு வீடாகப் போய்க் கேட்டேன்.

பதினொன்றில் ஏழு பேர் பெண்கள். ஏழு பேரும் ஆட்டுக்குத் தழை அறுக்கப் போனது ஒரே இடம். ஓடைக்கு அந்தப் பக்கம், பங்காளி வழக்கில் பூட்டிக் கிடக்கிற தென்னந்தோப்பு. ஐந்தாறு வருஷமாக உள்ளே யாரும் உழவில்லை, இடுப்பளவுக்குப் புதர்.

எழுதி முடித்துவிட்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 28, சனி

இன்று காய்ச்சல் வகைகள். உண்ணிக்காய்ச்சல் என்று ஒன்று. மழைக்காலத்தில் புதர்க்காட்டில் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. கடித்த இடத்தில் வலிக்காத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், பீடி நெருப்புச் சுட்ட மாதிரி. அக்குள், மார்புக்கு அடியில், இடுப்புக் கொசுவம் கட்டும் இடம், தொடை இடுக்கு. துணிக்கு உள்ளே இருப்பதால் நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிறவரும் கேட்க மாட்டார். பக்கத்தில் நெறி கட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கும்.

திரையில் ஒரு படம் போட்டார்கள். ஒரு பெண்ணின் அக்குள்.

அதோடு சிக்னல் போய்விட்டது. மீதி வகுப்பைப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரர், சிக்னல் முழுசாக இருக்கிறதே என்றார். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

என் தாளில் ஒன்பதாவது வரி பவுன்தாய். நாற்பத்திரண்டு வயது, கணவர் இல்லை, நான்கு ஆடு. ஆறு நாளாகக் காய்ச்சல். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு ஊசி போட்டு வந்திருக்கிறாள். காலையில் போனபோது பாயில் சுருண்டு கிடந்தாள். கண் சிவந்திருந்தது, மூச்சு வேகமாக வாங்கியது. நிமிடத்துக்கு முப்பத்து நான்கு எண்ணினேன்.

உள்ளே இருந்த ஆண்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். எதற்கு என்று அவள் மிரண்டாள். ஒரு புண்ணைத் தேட வேண்டும், உடம்பைப் பார்க்கவா என்று கேட்டேன்.

“புண்ணெல்லாம் ஒண்ணுமில்ல நர்சம்மா. எனக்குத் தெரியாதா?”

“வலிக்காது பவுனு. அதான் ஒனக்குத் தெரியாது.”

அக்குளில் இல்லை. இடுப்பில் இல்லை. இடது மார்பைத் தூக்கிப் பார்த்தபோது அடிமடிப்பில் இருந்தது. மிளகு அளவு, கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. படத்தில் பார்த்தது அப்படியே. போர்வையை இழுத்துச் சரி செய்தேன்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கதிர்வேலனுக்குப் போன் செய்தேன். என் மகன் வயது. நர்ஸ் எனக்குப் பாடம் சொல்கிறாளா என்று நினைப்பாரோ என்று தயக்கம். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். தோப்பு, ஏழு பெண்கள், பொருக்கு, மூச்சு, எல்லாம்.

“சிஸ்டர், நீங்க சொல்றதுதான் சரி. நூத்தியெட்டுக்குச் சொல்லிருங்க. வழியில இங்க நிறுத்தட்டும், முதல் மாத்திரைய நானே குடுத்து அனுப்புறேன்.”

வண்டி இருபது நிமிடத்தில் வந்தது. பவுன்தாயின் அக்காள் கூடப் போனாள். ஆடுகளை யார் பார்ப்பது என்று பவுன்தாய் வண்டிக்குள்ளிருந்து கேட்டாள். நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஆடுகளை வீட்டுக்காரர் பார்க்கிறார். ஒன்று அவர் சட்டையைத் தின்றுவிட்டது.

நவம்பர் 2, வியாழன்

பவுன்தாய்க்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவள் அக்காள் போனில் அழுதாள். தாளை எடுத்து ஒன்பதாவது வரிக்கு நேராக ஒரு டிக் அடித்தேன்.

மீதி ஆறு பெண்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். நான்கு பேருக்குப் பொருக்கு இருந்தது. இரண்டு பேருக்கு இல்லை, காய்ச்சலும் தானாகவே விட்டிருந்தது. டாக்டர் கதிர்வேலன் இங்கேயே வந்து நால்வருக்கும் மாத்திரை கொடுத்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். பஞ்சாயத்தில் சொல்லித் தோப்பு வாசலில் எச்சரிக்கைத் தட்டி கட்டியாயிற்று. ஊருக்குள் அதற்குள் ‘தென்னந்தோப்புக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 4, சனி

வகுப்பில் என்னைப் பேசச் சொன்னார் டாக்டர் ரெஹானா. லைன் லிஸ்டைத் திரையில் காட்டி நடந்ததைச் சொன்னேன். முழுக்கத் தமிழில்தான். லாரன்ஸ் கைதட்டினார், பின்னாலேயே மற்றவர்களும். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டாக்டர் ரெஹானா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க சிஸ்டர். இதுக்கு முன்னாடி இந்த ஊர்ல இந்த நோய் வந்திருக்கா? போன வருஷம் யாருக்காவது?”

தெரியவில்லை மேடம் என்றேன். கேமராவை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

தெரியும்.

செல்லத்தாய். முப்பத்தெட்டு வயது. மொக்கைச்சாமியின் மனைவி. போன ஐப்பசியில் ஐந்து நாளில் மூன்று முறை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் மாத்திரை கொடுத்தேன். மூன்றாவது முறை, “அக்குள்ல நெறி கட்டிருக்கு நர்சம்மா, கையத் தூக்க முடியல” என்றாள். காய்ச்சலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். வீட்டில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அன்று மாலைக்குள் கணினியில் ஏற்ற வேண்டிய பதிவு நிறைய இருந்தது. பார்க்கவில்லை. ஏழாம் நாள் பெரியாஸ்பத்திரியில் இறந்தாள். என்ன காய்ச்சல் என்று கடைசிவரை தெரியவில்லை.

அவளும் அந்தத் தோப்புக்குத்தான் போவாள். தழைக்கட்டோடு வருகிறவளை எத்தனையோ முறை ஓடைப்பாலத்தில் பார்த்திருக்கிறேன்.

பதவி உயர்வுக்காக நான் இந்தப் பயிற்சியில் சேரவில்லை.

நவம்பர் 9, வியாழன்

நல்ல மழை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பவுன்தாய்க்கும் மற்ற நால்வருக்கும் உண்ணிக்காய்ச்சல் உறுதி. ஐந்து பேரும் தேறிவிட்டார்கள். பவுன்தாய் வந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் உதிர்ந்துவிட்டது. ஓடைப்பாலத்தைத் தாண்டி இருக்கிற மொக்கைச்சாமி வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு வருஷமாகவே அப்படித்தான் போகிறேன்.

நவம்பர் 15, புதன்

தடுப்பூசி. பதினொரு குழந்தைகள்.

டாக்டர் ரெஹானாவுக்குக் கடைசியில் எழுதிவிட்டேன். அன்று வகுப்பில் பொய் சொன்னேன் என்று தொடங்கி எல்லாவற்றையும். அவர் போனிலேயே கூப்பிட்டார். படித்துப் பல வருஷம் அனுபவமான டாக்டர்களே தவறவிடுகிற நோய் இது, யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, தவறு உங்களுடையது மட்டும் இல்லை என்றார். மூன்று வருஷத்துக்கு முன் தானும் ஒருவரைத் தவறவிட்டதாகவும், இந்தப் பயிற்சியை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான் என்றும் சொன்னார். அவர் எனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் குடும்பத்திடம் சொல்லலாமா என்று கேட்டேன். அது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு என்றார். சொல்வதாக இருந்தால் உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றார்.

நவம்பர் 18, சனி

வகுப்பு. தேர்வில் பதினேழு.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் செல்லத்தாய் விஷயத்தைச் சொன்னேன். தெரியும் என்றார். எப்படி என்று கேட்டேன். ஒரு வருஷமாக நீ ஓடைப்பாலத்தில் நடப்பதில்லையே என்றார்.

நவம்பர் 19, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போனேன். வீட்டுக்காரர் ஓடைப்பாலம்வரை வந்து நின்றுகொண்டார்.

மொக்கைச்சாமி வாசலில் அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பவுன்தாய்க்கு வந்த நோய் என்ன, எதனால் வருகிறது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று முதலில் சொன்னேன். பிறகு, செல்லத்தாய்க்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பரிசோதனை செய்யாததால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அவள் நெறி கட்டியிருக்கிறது என்று என்னிடம் சொன்னாள், நான் பார்க்கவில்லை என்றேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“அப்ப யாரும் ஒண்ணும் வெக்கலயா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். இறந்த பிறகு செல்லத்தாயைக் குளிப்பாட்டிய பெண்கள் அக்குளில் சூடு வைத்த மாதிரி ஒரு கறுப்புப் புண்ணைப் பார்த்து, அவரைக் கூப்பிட்டும் காட்டியிருக்கிறார்கள். செய்வினையாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாதம் செல்லத்தாய்க்கும் அவர் அண்ணன் வீரணனின் மனைவி பஞ்சவர்ணத்துக்கும் குழாயடியில் பெரிய சண்டை. பஞ்சவர்ணம் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். செய்வினை என்று கேட்ட நாளிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு பேச்சு இல்லை. அண்ணன் வந்து கதவைத் தட்டியபோதும் திறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான்.

போனை எடுத்து வகுப்பில் காட்டிய படத்தைத் தேடிக் காட்டினேன். கையில் வாங்கி, வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தார்.

“இதேதான். இதே எடம்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “மாத்திரை குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா?” என்றார்.

“பொழச்சிருக்கலாம். நான் அன்னைக்குப் பாத்திருக்கணும்.”

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன் நர்சம்மா. ஆனா நீங்க வந்து சொல்லலன்னா சாகுற வரைக்கும் எங்க மதினியத்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.”

முகம் கழுவினார். கொடியில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். நீங்களும் வந்து சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார்.

தெருவைக் கடந்து போனோம். வீரணன் எங்களைப் பார்த்து எழுந்தார். மொக்கைச்சாமி வாசற்படிக்குக் கீழேயே நின்று, “மதினி” என்று கூப்பிட்டார்.

பஞ்சவர்ணம் ஈரக்கையோடு வந்தாள். நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், என் தவறையும் சேர்த்துத்தான். படத்தைக் காட்டினேன். அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவளக் குளிப்பாட்டுனதுல நானும் ஒருத்தி” என்றாள். “அந்தப் புண்ணுல தண்ணி பட்டா எரியுமேன்னு மஞ்சளக் கொழச்சு நாந்தான் அப்புனேன். செத்தவளுக்கு எரியுமா? அது எனக்கு அப்பத் தோணல. என்னயப் போயி ஊரே அப்பிடிச் சொல்லுச்சு.”

மொக்கைச்சாமி படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வீரணன் வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஞ்சவர்ணம் நின்றபடியே அழுதாள், கொழுந்தனைத் திட்டிக்கொண்டே அழுதாள். ஒரு வருஷத்துத் திட்டு. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

நான் கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லை. ஓடைப்பாலத்தில் வீட்டுக்காரர் அதே இடத்தில் நின்றிருந்தார். பாலத்தின் மேலேயே நடந்து வீட்டுக்கு வந்தோம்.

நவம்பர் 22, புதன்

தடுப்பூசி. பஞ்சவர்ணம் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி போடும்போது குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டது மொக்கைச்சாமி.

இப்போதெல்லாம் காய்ச்சல் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் எங்கே போனீர்கள் என்று கேட்கிறேன். பெண்களைக் கதவைச் சாத்திவிட்டுப் பார்க்கிறேன். பக்கத்து மூன்று ஊர் செவிலியர்களுக்கும் படத்தை அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 25, சனி

கடைசி வகுப்பு. எல்லோரும் கையசைத்து விடைபெற்றோம். லாரன்ஸிடம், உங்கள் நான்கு பக்கம் இல்லையென்றால் இரண்டாவது வாரமே போயிருப்பேன் என்றேன். அவர் வெட்கப்பட்டார். டாக்டர் ரெஹானாவிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன். நன்றி மேடம் என்பது மட்டும்தான் வந்தது. உங்களுக்கும் சிஸ்டர் என்றார்.

சான்றிதழ் வருவதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். பாடம் புரிந்ததா, ஆம். பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா, ஆம். இந்தப் பயிற்சியால் உங்கள் பகுதியில் பயன்பெற்றோர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம்.

பவுன்தாயோடு சேர்த்து ஐந்து என்று போட்டேன். கொஞ்சம் யோசித்து, மொக்கைச்சாமி, வீரணன், பஞ்சவர்ணம் மூவரையும் சேர்த்து எட்டு என்று மாற்றினேன்.

வீட்டுக்காரர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு கூட்டிப் போடு ஜோதி” என்றார்.

ஒன்பது என்று போட்டு அனுப்பினேன்.